யார் வைத்த 42 கிலோமீட்டர்?

உங்கள் ஆபீஸில் நிச்சயம் ஒருவர் இருப்பார். போன மாசம் வரை லிஃப்ட் ரிப்பேர் என்றால் இரண்டாவது மாடிக்கே புலம்பியவர். திடீரென்று ஒருநாள் பளபளக்கும் ஷூவோடு வந்து, ‘வர்ற ஜனவரியில ஃபுல் மாரத்தான்’ என்று அறிவிப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். ‘தினம் பார்க்கைச் சுத்தி நாலு ரவுண்டு ஓடப் போறேன்’ என்று சொல்லியிருந்தால் யாராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்களா? அந்தக் கைதட்டலில்தான் பிரச்னை ஆரம்பம்.

ஓடுங்கள், தாராளமாக ஓடுங்கள். சர்க்கரையும் பிரஷரும் சின்ன வயசிலேயே கதவைத் தட்டுகிற காலத்தில், விடிகாலையில் எழுந்து ஓட நினைப்பதே பெரிய காரியம். ஓட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. முதல் நாளே தூரத்தை ஃபிக்ஸ் பண்ணுகிறார்களே, அதோடுதான்.

அந்த 42.195 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது, தெரியுமா? 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தான் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில், வின்ட்ஸர் அரண்மனையில் புறப்பட்டு, ஸ்டேடியத்தில் ராஜ குடும்பத்தின் மாடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அளந்தால் 26 மைல், 385 கெஜம். 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். லண்டன் ராஜா வீட்டு வாசலில் ஆரம்பித்த கணக்குக்கும் உங்கள் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?

உடம்புக்கு என்று தனிக் கணக்கு இருக்கிறது. ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும். எலும்புக்கு அந்த அவசரம் கிடையாது. புதுச் சுமை வந்தால் அது முதலில் தன்னையே கொஞ்சம் அரித்துக்கொண்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டும். பழைய வீட்டை இடித்துக் கட்டுகிற மாதிரி. ஒரு சுற்று முடிய மூணு நாலு மாசம் ஆகும். மூச்சு ‘போலாம் ரைட்’ என்று விசில் கொடுக்கும்போது, கணுக்காலுக்கு மேலே இன்னும் சிமென்ட் காயவில்லை. மயிரிழை விரிசல் விழுவது அப்போதுதான்.

நெதர்லாந்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புது ஓட்டக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2008-ல் வெளிவந்தது. இலக்கு வெறும் 4 மைல். ஒரு குழுவுக்கு 8 வாரப் பயிற்சி, இன்னொன்றுக்கு நிதானமாக 13 வாரம். இரண்டிலுமே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். 4 மைலுக்கே இந்தக் கதி! 2025-ல் வந்த இன்னொரு ஆய்வு, 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைக் கவனித்து ஒன்று சொல்கிறது: கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தை ஒரே நாளில் எகிறித் தாண்டுவதுதான் ஆபத்து. தேதி குறித்துப் பணம் கட்டியவர் செய்வது இதைத்தான். இரண்டு வாரம் ஆபீஸ் வேலையில் போயிருக்கும். ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்று ஞாயிற்றுக்கிழமை 6 கிலோமீட்டரை 12 ஆக்குவார்.

‘பெரிசா ஆசைப்பட்டாத்தானே சார், பாதியாவது கிடைக்கும்?’ என்று கேட்பீர்கள். கென்யாவின் எலியுட் கிப்சோகேவைப் பாருங்கள். 2003-ல் 5,000 மீட்டரில் உலக சாம்பியன். அவர் முதல் மாரத்தான் ஓடியது 2013-ல், ஹாம்பர்க் நகரில். உலக சாம்பியனுக்கே பத்து வருஷம் இடைவெளி. நமக்குப் பத்து வாரம் போதுமாம்!

இந்த அவசரத்தில் ஷூ விற்பவருக்கு லாபம், வாட்ச் விற்பவருக்கு லாபம், பதிவுக் கட்டணம் வாங்குபவருக்கும் லாபம். நஷ்டம் உங்களுக்குத்தான். கால் வலியைக்கூட விடுங்கள், அது ஆறிவிடும். ‘ஓட்டமெல்லாம் நமக்கு ஒத்துவராதுப்பா’ என்று சோபாவுக்குத் திரும்பி, ஆயுசுக்கும் எழுந்திருக்காமல் போகிறோமே, அதுதான் நிஜமான நஷ்டம்.

இலக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வருஷம் கிலோமீட்டரை எண்ணாதீர்கள், நாட்களை எண்ணுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், ஓட்டமும் நடையுமாக. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போக முடிகிற வேகம் போதும். நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஒரு வருஷம் விடாமல் ஓடியவருக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவர் காலே சொல்லும்.

ராஜா வீட்டு 42 கிலோமீட்டர் எங்கேயும் ஓடிப் போய்விடாது. நூறு வருஷத்துக்கு மேலாக அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நாளைக் காலையில் அரை மணி நேரம் ஓடுங்கள். நாளன்றைக்குக் காலுக்கு லீவு.