பெண்கடலைப் பெண்கள் பார்க்கலாகாதா?



நிஸ்வான் மத்ரஸாவில் சூரா அந்நஹ்லின் 14ஆவது வசனத்திற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். கடலை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்ததையும், அதிலிருந்து உணவும் அணிகலனும் கிடைப்பதையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாக நினைவூட்டும் வசனம் அது. இடையில் ஒரு கேள்வி கேட்டோம்: “உங்களில் கடலில் கால் நனைத்தவர்கள் எத்தனை பேர்?” திரைக்கு அப்பால் நீண்ட அமைதி. பிறகு ஒரு மாணவி சொன்னாள்: “சின்ன வயசுல வாப்பா ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க ஹஜ்ரத். பெரிய மனுஷி ஆன பிறகு போனதில்ல. மாடியில நின்னா தெரியும்.”

அந்தப் பிள்ளையின் வீட்டிற்கும் கடலுக்கும் இடையே அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

இராமநாதபுரம் கடற்கரையில் நம் முன்னோர் கடலை நம்பி வாழ்ந்தவர்கள். மரக்கலம் ஓட்டினார்கள், முத்தும் சங்கும் விற்றார்கள். இன்றும் அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் நாம் கரையில் கூடி மஃரிப் பாங்கு ஒலிக்கும்வரை பேசிக்கொண்டிருக்கிறோம். துபாயிலும் தோஹாவிலும் பிழைக்கச் சென்ற நம் பிள்ளைகள் விடுமுறை நாளில் அங்குள்ள கடற்கரையில் நின்று எடுத்த படங்களை வீட்டிற்கு அனுப்புகிறார்கள். பாரசீக வளைகுடாவைக் கைபேசியில் பார்த்து மகிழும் அந்த மனைவியர், தம் தெருக்கோடியில் இருக்கும் கடலைப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா? இந்த வட்டாரத்தில் அலை ஓங்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், அலை அடங்கிய பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். கடலுக்குப் பெண்ணின் பெயரைச் சூட்டிவிட்டு, பெண்ணைக் கடலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறோம்.

“கடற்கரை ஃபித்னாவின் இடம், பெண்களுக்கு அங்கே என்ன வேலை?” என்று ஜமாஅத் பெரியவர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் உள்ள அக்கறையை மதிக்கிறோம். ஆனால் அந்த அக்கறை பெருநாளுக்கு முந்தைய வாரத்தில் எங்கே போகிறது? ஜவுளிக்கடைகளில் அந்நிய ஆண்களின் தோளோடு தோள் உரச நம் பெண்கள் நெரிசலில் நிற்கும்போது, எந்தப் பெரியவரும் வாசலில் நின்று தடுக்கவில்லை. திருமண மண்டபங்களில் ஒளிப்படக் கருவியுடன் அந்நிய இளைஞன் பெண்கள் பகுதிக்குள் நடமாடும்போதும் எவரும் வாய் திறப்பதில்லை. செலவழிக்கும் இடத்தில் தெரியாத ஃபித்னா, காசில்லாமல் காற்று வாங்கும் இடத்தில் மட்டும் தெரிகிறது!

பார்வையைத் தாழ்த்தும் கட்டளை சூரா அந்நூரில் முதலில் வருவது ஆண்களுக்கு. 30ஆவது வசனம் ஆண்களை விளித்த பிறகே 31ஆவது வசனம் பெண்களை விளிக்கிறது. நாமோ முந்திய வசனத்தைக் கரையில் தொலைத்துவிட்டு, பிந்திய வசனத்தைக் கொண்டு கதவைத் தாழிடுகிறோம்.

அண்ணலாரின் வாழ்க்கையைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் மலையிலிருந்து நீர் வழிந்தோடும் ஓடைகளைக் காணப் பாலைவெளிக்குச் செல்லும் வழக்கம் உடையவர்கள் என்றும், அப்படி ஒருமுறை புறப்படும்போது தமக்கும் ஓர் ஒட்டகத்தை அனுப்பி வைத்தார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரழி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் உள்ளது. பயணம் ஒன்றில் உடன் வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னையாருடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். இந்தச் செய்தியைப் பயான்களில் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அதில் உள்ள பாடத்தைக் கவனிப்பதில்லை. மனைவி மகிழ்ந்து ஓட ஒரு தனிமை தேவைப்பட்டது. அதற்காக அண்ணலார் அன்னையாரைக் கூடாரத்தில் இருத்தவில்லை, ஆண்களை அப்புறப்படுத்தினார்கள். தனிமையை உண்டாக்கிக் கொடுக்கும் பொறுப்பு ஆணுடையது.

கடலைப் பற்றியே கேட்கிறீர்களா? உம்மு ஹராம் (ரழி) அவர்களின் வீட்டில் அண்ணலார் உறங்கி, புன்னகையுடன் விழித்தார்கள். தம் சமுதாயத்தினர் சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் அரசர்களைப் போலக் கடலில் பயணிப்பதைக் கண்டதாகச் சொன்னார்கள். “அவர்களில் ஒருத்தியாக நான் ஆக துஆச் செய்யுங்கள்” என்று அந்தப் பெண்மணி வேண்டினார். ‘பெண்ணுக்குக் கடல் எதற்கு?’ என்று அண்ணலார் கேட்கவில்லை, துஆச் செய்தார்கள். உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சியில் முஆவியா (ரழி) அவர்களின் தலைமையில் சென்ற கடற்பயணத்தில் அவர் கடலைக் கடந்தார். கரையேறிய பின் வாகனத்திலிருந்து விழுந்து ஷஹீதானார். சைப்ரஸில் லார்னகா உப்பேரிக் கரையில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் காட்டப்படுகிறது.

“காலம் மாறிவிட்டது, பெண்களின் இன்றைய நிலையை அண்ணலார் கண்டிருந்தால் பள்ளிவாசலையே தடுத்திருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) சொல்லவில்லையா?” என்று ஆலிம் நண்பர்கள் சிலர் மறுப்பு வைக்கலாம். சொன்னது உண்மைதான். அலங்காரத்தோடு புறப்படும் முறையை அன்னையார் கண்டித்தார்கள். அந்தக் கண்டிப்பை ஏற்று, முறையைத் திருத்துவோம். இறைவனின் அத்தாட்சியைப் பார்க்கும் உரிமையையே பறிப்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

பிறரைக் குறை சொல்லுமுன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது வயதைக் கடந்த நாமும் தினமும் கரைக்குச் சென்றோமே தவிர, வீட்டில் உள்ளவர்களை ஒருநாளும் அழைத்ததில்லை. அந்த மாணவியின் பதில் உறுத்திய பிறகுதான், வார நாள் ஒன்றில் சுபுஹு தொழுதுவிட்டு உம்மாவையும் மனைவியையும் மகள்களையும் அழைத்துக்கொண்டு உச்சிப்புளியை அடுத்த அரியமான் கரைக்குச் சென்றோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டம் கூடும் இடம் அது. அந்த நேரத்தில் சவுக்குத் தோப்பும் மணலும் தவிர யாரும் இல்லை. பெண்கடல் பெயருக்கேற்ப அடங்கிக் கிடந்தது. மகள்கள் பர்தாவோடு கணுக்கால் நீரில் ஓடினார்கள். உம்மா கடல் நீரை அள்ளி ஒளுச் செய்தார்கள். கடல் நீர் தூய்மைப்படுத்தும் என்ற நபிமொழியை எத்தனையோ முறை பாடம் நடத்திய நாம், ஒருவர் அதன்படிச் செய்வதை அன்றுதான் கண்டோம். ஈர மணலில் இரண்டு ரக்அத் ளுஹா தொழுதுவிட்டு, “இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்ப்பா” என்றார்கள். அவர்களுக்கு வயது அறுபத்தெட்டு.

வரம்பின்றி அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. கூட்டமில்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மஹ்ரமான ஆண் உடன் இருக்கட்டும். ஆளில்லாக் கரையில் காப்பாற்றவும் ஆளில்லை; நனைந்த ஆடை காலைப் பின்னும். ஆகவே முழங்காலுக்கு மேல் நீரில் இறங்க வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெண்கடலும் சீறும், அப்போது தவிர்த்துவிடுங்கள். தொழுகையைத் தவறவிடாதீர்கள், கடலே ஒளுவுக்கு நீர் தரும்போது சாக்குச் சொல்ல இடமில்லை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. பிரியாணிப் பொட்டலத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் மணலில் எறிந்து வராதீர்கள். வீட்டுப் பெண்களின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து ஊருக்குக் காட்டாதீர்கள். அதைச் செய்துவிட்டு ஹயாவைப் பற்றி வேறு பேசுகிறோம்!

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நம் வேண்டுகோள் ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாள், சுபுஹுக்குப் பின் இரண்டு மணி நேரம், ஊர்க்கரைக்குப் போகாதீர்கள் என்று நம் ஆண்களுக்குப் பள்ளிவாசலில் அறிவியுங்கள். தொழிலுக்குச் செல்லும் மீனவச் சகோதரர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. வெட்டிப் பேச்சுக்குச் செல்லும் நாம் விலகினாலே போதும். அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க நம்மால் முடியாதென்றால், இத்தனை காலமும் நாம் பேணியது பெண்களின் மானத்தையா, நம் வசதியையா என்று நாமே முடிவு செய்துகொள்வோம்.

அடுத்த ஆண்டு அதே வசனத்திற்கு விளக்கம் சொல்லும்போது அதே கேள்வியைக் கேட்போம், இன்ஷா அல்லாஹ். அப்போது திரைக்கு அப்பால் அமைதி நிலவாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.