நெஞ்சைத் திறக்கக் காப்பீடு உண்டு, நினைவைச் சோதிக்க?

எழுபது வயதைக் கடந்த எவருக்கும், வருமான வரம்பு பாராமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் விரிவாக்கப்பட்டது. பைபாஸ் அறுவைச் சிகிச்சையும் இதில் அடக்கம். மனதார வரவேற்கிறேன். ஆனால், நோயாளி வீடு திரும்பிய பிறகு 15 நாள் செலவோடு திட்டத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. தையல் ஆறியதா என்று பார்க்க அது போதும். மூளை தேறியதா என்று பார்க்கப் போதாது.

2001-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வை இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் படித்திருக்க வேண்டும். பைபாஸ் செய்துகொண்ட 261 பேரை அறுவைக்கு முன்பும் பின்பும் அவர்கள் சோதித்தார்கள். ஒரு குட்டிக் கதையைச் சொல்லி அதைத் திருப்பிச் சொல்லவைப்பது, எண்களைத் தலைகீழாக ஒப்பிக்கவைப்பது போன்ற எளிய சோதனைகள்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போது 53 சதவீதம் பேரின் அறிவாற்றல் சரிந்திருந்தது. ஆறு வாரத்தில் 36, ஆறு மாதத்தில் 24. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் அப்போது யாருக்கும் தோன்றும். ஐந்தாம் ஆண்டில் அது 42 சதவீதம்! டிஸ்சார்ஜின்போது சரிவு கண்டவர்களே பின்னாளிலும் அதிகம் சரிந்தார்கள். ஆக, ஐந்தாண்டு கழித்து வரப்போகும் ஆபத்தை வீட்டுக்கு அனுப்பும் அன்றே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அதைத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு நம்மிடம் எங்கே இருக்கிறது?

நம் வீடுகளில் இது எப்படித் தலைகாட்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். சீட்டுக் கணக்கை மனக்கணக்காகவே போட்டவர், பென்ஷன் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு விழிப்பார். காலையில் போட்ட பிபி மாத்திரையை மதியம் மறுபடியும் போடுவார். 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று வீடே சொல்லும். டாக்டரும் அதையே சொல்வார்.

அறுவை மருத்துவர்கள் தரப்பில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அறுவையின்போது இதயத்தை நிறுத்திவைத்து அதன் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின்மீதுதான் முதலில் பழி விழுந்தது. அதைத் தவிர்த்து, துடிக்கும் இதயத்திலேயே அறுவை செய்து பார்த்தார்கள். நெதர்லாந்தில் 281 பேரிடம் நடந்த 'ஆக்டோபஸ்' ஆய்வில், இயந்திரத்தோடு அறுவை செய்துகொண்டவர்கள், இயந்திரமின்றிச் செய்துகொண்டவர்கள் என இரு பிரிவிலும் ஐந்தாண்டு கழித்து ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சரிவு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களோ, அறுவை செய்யாத இதய நோயாளிகளுக்கும் காலப்போக்கில் இதே கதிதான் என்றார்கள். ஆகவே குற்றவாளி அறுவை அல்ல, ரத்தக்குழாய் நோய் என்று வாதம் முடிகிறது.

இருக்கட்டும். குற்றவாளி யாரானால் என்ன, சரிகிற மூளை நோயாளியுடையதுதானே? காரணம் ரத்தக்குழாய்தான் என்றால், கண்காணிக்க வேண்டிய அவசியம் இன்னும் கூடுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சோதிக்காமல் இருப்பதற்கு இந்த ஆய்வுகளைக் கேடயமாகப் பிடிப்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வேலை. தங்கள் கைவேலையின் விளைவை அளந்து பார்க்க அஞ்சுகிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நெஞ்சைத் திறந்து மூடும் கலையில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. நினைவாற்றலைச் சோதிக்க ஸ்கேனும் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம். ஒரு தாள், ஒரு பேனா, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

அறுவைக்கு முன் ஒருமுறை, டிஸ்சார்ஜின்போது ஒருமுறை, ஆறாம் மாதம் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் என இந்தச் சோதனையை பைபாஸ் தொகுப்பிலேயே மத்திய, மாநில அரசுகள் கட்டாயமாக்க வேண்டும். முதல் இரண்டு சோதனைகளின் மதிப்பெண் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறாத வரை, எந்த மருத்துவமனைக்கும் காப்பீட்டுப் பணத்தை விடுவிக்கக் கூடாது.