பி.எஃப். சேமிப்பில் அரசின் தலையீடு: அச்சம் எந்த அளவுக்கு நியாயமானது?

புதுடெல்லி: தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுப்பதற்கான விதிகளை மாற்ற, அதன் மத்திய அறங்காவலர் வாரியம் 2025 அக்டோபர் 13 அன்று முடிவெடுத்தது. சில மணி நேரத்திலேயே அந்த முடிவு இருவேறு செய்திகளாகப் பரவியது. இனி முழுப் பணத்தையும் எடுக்கலாம் என்றது ஒன்று. வேலை பறிபோனாலும் ஓராண்டுக்குப் பணம் கிடைக்காது என்றது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மைகளே. எனினும், சமூக வலைதளங்களில் எழுந்த கோபத்தின் வேகத்தைக் கண்ட மத்திய தொழிலாளர் நலத்துறை, அடுத்த ஓரிரு நாள்களிலேயே விரிவான விளக்கம் அளிக்க நேர்ந்தது. மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும் தொகையைத் தங்கள் சொந்தப் பணமாகக் கருதும் 7 கோடிக்கும் அதிகமான உறுப்பினர்களிடம், அரசு இதில் கை வைத்துவிடுமோ என்ற ஐயம் எவ்வளவு எளிதில் கிளர்ந்தெழுகிறது என்பதை அந்தச் சில நாள்கள் காட்டின.

அந்த ஐயத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதற்கு முன், வாரியம் உண்மையில் என்ன முடிவு செய்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

மாறியது என்ன?

மருத்துவம், கல்வி, திருமணம், வீடு எனத் தனித்தனியாக இருந்த 13 வகை முன்பணப் பிரிவுகள் மூன்றாகச் சுருக்கப்பட்டன. பணம் எடுக்கத் தேவையான குறைந்தபட்சப் பணிக்காலம் அனைத்துக்கும் 12 மாதங்கள் என்றானது. கல்விக்காக 10 முறையும் திருமணத்திற்காக 5 முறையும் எடுக்கலாம். சிறப்புச் சூழல் என்ற பிரிவில் காரணம் எதுவும் கூற வேண்டியதில்லை. தொழிலாளியின் பங்கோடு, நிறுவனத்தின் பங்கிலிருந்தும் எடுக்க வழி திறந்தது. பணியில் இருப்பவர்களுக்கு இவை அனைத்தும் சலுகைகளே.

கசப்பு மூன்று இடங்களில் இருந்தது. பங்களிப்பில் 25 சதவீதத்தைக் குறைந்தபட்ச இருப்பாகக் கணக்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். வேலை இழந்தவர் கணக்கை முழுமையாக முடித்துக்கொள்ளக் காத்திருக்க வேண்டிய காலம் 2 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகிறது. ஓய்வூதியப் பங்கைத் திரும்பப் பெறக் காத்திருக்கும் காலம் 2 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகிறது.

வேலை இழந்தவுடன் 75 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும், மீதமுள்ள 25 சதவீதம் மட்டுமே ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்றும் அமைச்சகம் பின்னர் விளக்கியது. 55 வயதில் ஓய்வு, நிரந்தர உடல் இயலாமை, ஆட்குறைப்பு, விருப்ப ஓய்வு, நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறுதல் ஆகியவற்றில் முழுத் தொகையையும் பெறத் தடையில்லை. அடிக்கடி கணக்கை முடித்துக்கொள்வதால் பணித் தொடர்ச்சி அறுபட்டு, ஓய்வூதியத்திற்குத் தேவையான 10 ஆண்டுகளை எட்ட முடியாமல் போகிறது என்பது அமைச்சகத்தின் வாதம். இறுதியாகக் கணக்கை முடிக்கும்போது பாதிப் பேரின் கணக்கில் 20,000 ரூபாய்க்கும் குறைவாகவே இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தையும் அது முன்வைத்தது.

அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முதுமைக்கென வைத்த பணம் முப்பது வயதிலேயே கரைந்துவிட்டால், அறுபதில் கையில் எதுவும் இராது. ஆனால், அதே புள்ளிவிவரத்தை வேறு விதமாகவும் படிக்கலாம். 15,000 ரூபாய் மாத ஊதியம் பெறும் ஒருவரின் கணக்கில் அவரது பங்காக 1,800 ரூபாயும், நிறுவனத்தின் பங்கில் ஓய்வூதிய நிதிக்குச் செல்லும் 1,250 ரூபாய் போக 550 ரூபாயும் மாதந்தோறும் சேர்கின்றன. ஈராண்டுகளில் வட்டி நீங்கலாக 56,400 ரூபாய். அதில் 25 சதவீதம் 14,100 ரூபாய். பிடித்தம் போக அவர் கையில் வாங்கிவந்த மாதச் சம்பளமே 13,200 ரூபாய்தான். வேலையில்லாத ஒருவரிடம் ஒரு மாதச் சம்பளத்தைவிடச் சற்று அதிகமான தொகையை இன்னும் பத்து மாதங்களுக்கு நிறுத்திவைப்பது, தலைநகரின் கோப்பில் சிறிய திருத்தமாகத் தோன்றலாம். வாடகைக்கு நாள் குறித்திருக்கும் வீட்டில் அது சிறியதன்று. இந்தியாவில் பெரும்பாலான தனியார் துறைத் தொழிலாளர்களுக்கு வேலையின்மைக் கால உதவி என்று தனியாக ஏதும் கைக்கு எட்டுவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை பி.எஃப். என்பது முதுமைக்கான சேமிப்பாக மட்டுமல்லாமல், இரண்டு வேலைகளுக்கு இடையிலான பாலமாகவும் இருந்துவருகிறது. அந்தப் பாலத்திற்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் முதுமையை மட்டும் காக்க முனைவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மூன்று மாதங்களில் மூன்று பின்வாங்கல்கள்

உறுப்பினர்களின் ஐயத்திற்கு வேராக இருப்பது 2016-ஆம் ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரி 29 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட்டில், அந்த ஏப்ரல் 1-க்குப் பின் சேரும் நிதியை ஓய்வின்போது எடுத்தால் அதில் 60 சதவீதத்துக்கு வரி விதிக்கும் யோசனையை அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி முன்வைத்தார். மக்களை ஆண்டுத்தொகைத் திட்டங்களை நோக்கித் திருப்புவதே நோக்கம் என்று கூறப்பட்டது. வரி மொத்தத் தொகைக்கா, வட்டிக்கு மட்டுமா என்ற குழப்பமே பல நாள்கள் நீடித்தது. கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து மார்ச் 8 அன்று மக்களவையில் அந்த யோசனை கைவிடப்பட்டது.

அதே பிப்ரவரியில் மற்றோர் அறிவிக்கையும் வெளியாகியிருந்தது. வேலையை விட்டவர்கள் தங்கள் பங்கை மட்டுமே எடுக்கலாம். நிறுவனத்தின் பங்கை 58 வயது வரை தொட முடியாது என்றது அது. பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு இச்செய்தி சென்று சேர்ந்தபோது, ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் பெரும்பாலும் பெண்களான ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஓசூர் சாலை உள்ளிட்ட நகரின் முக்கியச் சாலைகளில் அமர்ந்தனர். பெரிய தொழிற்சங்கங்களின் அழைப்பு ஏதுமின்றி எழுந்த போராட்டம் அது. இரண்டாம் நாள் வன்முறையும் வெடித்தது, வாகனங்கள் எரிக்கப்பட்டன. முதலில் ஜூலை 31 வரை ஒத்திவைப்பதாகக் கூறிய மத்திய அரசு, ஏப்ரல் 19 மாலைக்குள் அறிவிக்கையையே திரும்பப் பெற்றது.

அந்தப் புழுதி அடங்குவதற்குள் வட்டி விவகாரம் வந்தது. 2015-16-ஆம் ஆண்டுக்கு அறங்காவலர் வாரியம் 8.8 சதவீத வட்டியைப் பரிந்துரைத்திருந்தது. நிதியமைச்சகம் 8.7 சதவீதத்துக்கு மட்டுமே ஒப்புதல் அளித்தது. தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும், ஏப்ரல் மாதம் முடிவதற்குள் 8.8 சதவீதமே உறுதியானது.

எல்லா மாற்றங்களும் இவ்வாறு திரும்பப் பெறப்படவில்லை. பி.எஃப்., தேசிய ஓய்வூதியத் திட்டம் உள்ளிட்டவற்றில் நிறுவனம் செலுத்தும் மொத்தத் தொகை ஆண்டுக்கு 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வரி என 2020 பட்ஜெட் கூறியது. தொழிலாளியின் பங்களிப்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால், கூடுதல் தொகைக்கான வட்டிக்கு வரி என 2021 பட்ஜெட் கூறியது. இரண்டும் இன்றும் நடைமுறையில் உள்ளன. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையில் குறைவு, வருவாயில் அதிகம். சாலையில் அமரும் வாய்ப்பு இல்லாதவர்கள். வேலை இழந்தவர்களும் ஒருவகையில் அப்படித்தான். அவர்கள் ஒரே ஆலை வாசலில் கூடி நிற்பவர்கள் அல்லர், சிதறிக் கிடப்பவர்கள்.

பறிமுதல் நடக்குமா?

இந்தச் சேமிப்பை அரசு ஒருநாள் முழுவதுமாக எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. உலகில் அதற்கு முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. அர்ஜென்டினா 2008-இல் தனியார் நிறுவனங்கள் நிர்வகித்த ஓய்வூதியக் கணக்குகளை அரசுடைமையாக்கியது. ஹங்கேரி 2010-இல் அரசுத் திட்டத்திற்குத் திரும்பாதவர்கள் அரசு ஓய்வூதிய உரிமையை இழப்பர் என்ற நெருக்கடியை உருவாக்கி, தனிநபர் கணக்குகளில் இருந்த நிதியில் பெரும்பகுதியைத் தன் வசமாக்கியது. போலந்து 2014-இல் தனியார் ஓய்வூதிய நிதிகளின் சொத்தில் 51.5 சதவீதத்தை அரசு அமைப்புக்கு மாற்றியது. மூன்றிலும் பொதுவாக இருந்தது, அரசின் நிதி நெருக்கடி.

இந்தியாவில் அத்தகைய முயற்சி எதுவும் நிகழ்ந்ததில்லை. 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, உறுப்பினரின் கணக்கில் உள்ள தொகையை நீதிமன்ற ஆணையாலும் ஜப்தி செய்ய முடியாது என்கிறது. கடன்காரர்களிடமிருந்து காக்கும் வேலி அது.

தேசிய ஓய்வூதியத் திட்டத்திலோ நிலைமை தலைகீழாக ஒருமுறை சோதிக்கப்பட்டது. ராஜஸ்தான், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்திற்குத் திரும்புவதாக 2022-இல் அறிவித்தபோது, தங்கள் ஊழியர்களின் பெயரில் அதுவரை சேர்ந்த தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டன. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையமும் மத்திய நிதியமைச்சகமும் மறுத்துவிட்டன. அரசியல் காரணம் எதுவாயினும், தனிநபர் பெயரில் உள்ள பணம் ஓர் அரசின் கருவூலத்திற்குப் போகாமல் சட்டம் தடுத்த நேரம் அது.

ஆகவே, பறிமுதல் குறித்த அச்சம் மிகையானது என்றே சொல்லலாம். கவலைக்குரியது வேறு.

ஒரே கையில் பல பொறுப்புகள்

பி.எஃப். நிதியின் பெரும்பகுதி மத்திய, மாநில அரசுகளின் கடன் பத்திரங்களில்தான் முதலீடு செய்யப்படுகிறது. அதாவது, இந்த நிதியிடம் அதிகமாகக் கடன் வாங்குவது அரசு. எந்தெந்த வகையில் எவ்வளவு முதலீடு செய்யலாம் என்ற வரம்பை வகுப்பதும் அரசு. ஆண்டு வட்டிக்கு இறுதி ஒப்புதல் தருவது நிதியமைச்சகம். வரியைத் தீர்மானிப்பதும் அதுவே. எப்போது எடுக்கலாம் என்பதை முடிவு செய்யும் அறங்காவலர் வாரியத்தின் தலைவர் மத்திய தொழிலாளர் நல அமைச்சர். வாரியத்தில் மத்திய அரசுக்கு 5, மாநில அரசுகளுக்கு 15, நிறுவனங்களுக்கு 10, தொழிலாளர்களுக்கு 10 எனப் பிரதிநிதிகள் உள்ளனர். பணம் போடும் தொழிலாளர்களின் குரல் அங்கே நான்கில் ஒரு பங்கு.

இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் நல்ல பலனையும் தந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2021-22-இல் வட்டி 8.1 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, 1977-78-க்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவைத் தொட்டபோதும்கூட, பொது வருங்கால வைப்பு நிதிக்கான 7.1 சதவீதத்தைவிட அது அதிகமே. 2024-25-க்கு 8.25 சதவீதம் வழங்கப்பட்டது. ஆனால், நிதியை அரசின் வேறு தேவைகளுக்கும் கருவியாக்கும் போக்கை உறுப்பினர்கள் கவனிக்காமல் இல்லை. 2015 ஆகஸ்டு முதல் இந்நிதி பங்குச் சந்தையில் இடிஎஃப் வழியாக முதலீடு செய்கிறது. அவற்றில், அரசு தன் பொதுத்துறைப் பங்குகளை விற்பதற்கென உருவாக்கிய சிபிஎஸ்இ, பாரத்-22 இடிஎஃப்களும் இடம்பெற்றன. கொரோனா பொதுமுடக்கத்தின்போது, மக்களின் கையில் பணப்புழக்கத்தைக் கூட்ட, 2020 மே முதல் 3 மாதங்களுக்குப் பங்களிப்பு 12 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அப்போது செலவழிக்க உதவ வேண்டும் என்பதற்காகச் சேமிப்பு தளர்த்தப்பட்டது. 2025-இல் சேமிக்க வைக்க வேண்டும் என்பதற்காகச் செலவு இறுக்கப்பட்டது. இரண்டிலும் நல்ல நோக்கம் இருக்கலாம். இரு முறையும் உறுப்பினர்கள் முடிவை அறிந்துகொண்டது அறிவிப்பு வெளியான பிறகே.

வரைவு விதிகளை முன்கூட்டியே வெளியிட்டுக் கருத்துக் கேட்பது, ஏற்கெனவே சேர்ந்துள்ள தொகைக்குப் பழைய விதியும் இனிச் சேரும் தொகைக்குப் புதிய விதியும் எனப் பிரிப்பது ஆகியவை கடினமான காரியங்கள் அல்ல. 2016-இன் வரி யோசனைகூட ஏப்ரல் 1-க்குப் பின் சேரும் தொகைக்கு மட்டும்தான் என்று இருந்தது. 25 சதவீத இருப்பு விதியிலோ அந்தப் பிரிவினை இல்லை.

அடுத்து வரக்கூடியது

பி.எஃப். கட்டாயமாகும் ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாயாகவே நீடிக்கிறது. அதை உயர்த்த வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. உயர்த்தினால் மேலும் பலர் பாதுகாப்பு வளையத்துக்குள் வருவர். ஆனால், அதிகம் பேசப்படாத மற்றொரு விளைவும் அதில் உண்டு. 25,000 ரூபாய் ஊதியம் முழுவதற்கும் பி.எஃப். பிடித்தம் செய்யப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் செலுத்தும் 3,000 ரூபாயில் இப்போது 1,250 ரூபாய் பொது ஓய்வூதிய நிதிக்கும், 1,750 ரூபாய் அவரது சொந்தக் கணக்குக்கும் செல்கின்றன. வரம்பு 25,000 ரூபாயாக உயர்ந்து, 8.33 சதவீத விகிதம் மாறாமல் இருந்தால், ஓய்வூதிய நிதிக்கு ஏறத்தாழ 2,082 ரூபாய் போகும். சொந்தக் கணக்கில் சேர்வது 918 ரூபாயாகக் குறையும்.

ஓய்வூதியமும் அதற்கேற்ப உயரும் என்பது உண்மை. எனினும், சொந்தக் கணக்கில் இருப்பதை அவசரத்துக்கு எடுக்கலாம். ஓய்வூதிய நிதியில் இருப்பதற்கு 58 வயது வரை பொறுத்திருக்க வேண்டும், பணியை விட்டவராயினும் 36 மாதங்கள் காத்திருக்க வேண்டும். மாதம் 832 ரூபாய் ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாறும் இந்தக் கணக்கு, உச்சவரம்பு உயரும் நாளில் சம்பளச் சீட்டில் எங்கும் தென்படாது.