கொலைக்கு முந்தைய மனு

2003 ஜூலை 8ஆம் தேதி விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறி மணந்துகொண்ட கண்ணகியும் முருகேசனும் நஞ்சு புகட்டிக் கொல்லப்பட்டார்கள்; உடல்கள் எரிக்கப்பட்டன. வழக்குப் பதிவானதோ ஜூலை 17இல். அதிலும், மகனைப் பறிகொடுத்த தலித் குடும்பத்தாரையும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாகச் சேர்த்தது காவல்துறை. வழக்கு சிபிஐ கைக்கு மாறி, கடலூர் நீதிமன்றம் 2021இல் தண்டித்து, உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் முடித்துவைக்க ஏறக்குறைய 22 ஆண்டுகள் பிடித்தன. தண்டனை உறுதியானவர்களில் இருவர் காவல் அதிகாரிகள்.

ஆணவக் கொலையைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றுவது குறித்துப் பரிந்துரைக்க, நீதிபதி கே.என். பாஷா தலைமையிலான ஆணையத்தை 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. சட்டம் வரட்டும். ஆனால் கொலைக்கு ஆயுளும் தூக்கும் இன்றைக்கும் இருக்கின்றன. ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது.

பெண் வீட்டைவிட்டுப் போனதும் “மகளைக் காணவில்லை” என்று புகார் வருகிறது. பதினெட்டு நிறைந்தவளை நிலையத்துக்கு வரவழைத்து, “பேசித் தீர்த்து” பெற்றோருடன் அனுப்பிவிடுகிறார்கள். அவள் வயதை எழுதிக்கொள்ளும் பேனா அவள் சொல்லை எழுதுவதில்லை. அதே வயது மகனை அப்பனிடம் ஒப்படைக்க எந்த ஆய்வாளரும் முனைவதில்லை. பாலினப் பாகுபாடு இதைவிட வெளிப்படையாக இருக்க முடியாது.

சாதி மாறி மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. சக்தி வாஹினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் அதையே நாடு முழுமைக்கும் சொன்னது. கடமை தவறும் அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்கவும் பணித்தது. வயது வந்த இருவர் மணம் முடிக்கக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை என்று சொன்னதும் அத்தீர்ப்புதான்.

சாதி மாறி மணந்ததற்காகக் கொல்லப்பட்ட உடுமலைப்பேட்டை சங்கரின் வழக்கையும் வழக்கறிஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெண்ணின் தந்தைக்கு 2017இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது; சதி நிரூபிக்கப்படவில்லை என்று 2020இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வீட்டுக்குள் தீட்டப்படும் சதிக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்? மிரட்டல் வந்த நாளிலேயே எழுத்தில் கொடுத்த மனுவும், அதற்கு வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீதும் பின்னாளில் நீதிமன்றத்தில் பேசும். 2023இல் உச்ச நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணத்தை வழக்கறிஞரும் தனிப்பட்ட முறையில் நடத்திவைக்கலாம் என்று தெளிவுபடுத்திவிட்டது. மாலை மாற்றியதோடு அவர் வேலை முடிந்துவிடுவதில்லை, அந்த மனுவும் அவர் பொறுப்பே.

புதிய சட்டத்தில் மூன்று பிரிவுகள் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று இந்த இதழ் கோருகிறது: வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக ஒப்படைப்பது தனிக் குற்றம், குடும்பத்தார் இல்லாத இடத்தில் நடுவர் முன் அவள் வாக்குமூலம், பாதுகாப்பு கேட்ட மனுவை அன்றே பதியாத அதிகாரிக்குத் தண்டனை.