பட்டாசு ஆலை பெண்களை தேடி வருமா மார்பக புற்றுநோய் பரிசோதனை?

சிவகாசி: பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால் நாடே திரும்பி பார்க்கிறது. 2012 செப்டம்பரில் நடந்த முதலிப்பட்டி விபத்தை இந்த பகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால், அதே ஆலைகளில் சரவெடி பின்னும், பெட்டி அடைக்கும் பெண்களின் உடம்பில் சத்தமே இல்லாமல் வளரும் மார்பக புற்றுநோய் பற்றி பேச்சே இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கணக்குப்படி, 2022ல் இந்தியாவில் புதிதாக 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. 98 ஆயிரம் பேர் பலியானார்கள். பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம்.

81க்கும் 18க்கும் உள்ள தூரம்

2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்டவர்களை வைத்து தேசிய புற்றுநோய் பதிவேடு ஒரு கணக்கு எடுத்தது. நோய் மார்பகத்தோடு நின்றிருந்தால், 5 ஆண்டுக்கு பிறகும் 100க்கு 81 பேர் உயிரோடு இருந்தார்கள். மற்ற உறுப்புகளுக்கு பரவிய பிறகு வந்தவர்களில் பிழைத்தது 18 பேர்தான்.

ஆக, எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் கேள்வி. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழகத்தில் 30 முதல் 49 வயது பெண்களில் மார்பக பரிசோதனை செய்து கொண்டவர்கள் 5.6 சதவீதம் மட்டுமே.

கூலியா, ஆஸ்பத்திரியா?

ஆரம்பத்தில் இந்த கட்டி பெரும்பாலும் வலிக்காது. 'வலிதான் இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவது அதனால்தான். வீட்டில் சொல்லவே கூச்சம் வேறு.

கூச்சத்தை விட பெரிய தடை கூலி. வெம்பக்கோட்டை, சாத்தூர், திருத்தங்கல் வட்டாரத்தில் ஏராளமான பெண்கள் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய காசு போச்சு. ஆஸ்பத்திரி ஓ.பி. நேரமும் ஆலை வேலை நேரமும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, விழிப்புணர்வு மாதமான அக்டோபர், சிவகாசியில் தீபாவளி சரக்கு பரபரக்கும் நேரம். அப்போது முகாம் போட்டால் யார் வருவார்கள்?

மும்பை காட்டிய வழி

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998ல் ஒன்றரை லட்சம் குடிசைப்பகுதி பெண்களிடம் ஒரு ஆய்வை தொடங்கியது. டாக்டர்கள் இல்லை, மேமோகிராம் எந்திரம் இல்லை. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை கையால் தடவி பார்த்தார்கள். 2021ல் முடிவு வெளியானது. நோய் முன்கூட்டியே தெரிந்தது. 50 வயதை தாண்டியவர்களில் சாவு சுமார் 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களில் சாவு குறைந்ததாக தெரியவில்லை.

விருதுநகருக்கும் இது புதிதல்ல. 2007ல் தமிழக அரசு ரத்த அழுத்த பரிசோதனையை முதலில் செய்து பார்த்த மாவட்டங்களில் இதுவும் ஒன்று. 2012ல் இந்த திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தபோது மார்பக பரிசோதனையும் சேர்ந்தது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவ கல்லூரியும் வந்துவிட்டது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

எல்லாம் இருக்கிறது. பெண்கள் இருக்கும் இடத்துக்கு நர்சு போவது ஒன்றுதான் பாக்கி. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்கள் அதற்கு தோதான நேரம். சீசன் நாட்களில் கூலி பிடிக்காமல் அரை மணி நேரம் விட்டாலே போதும்.

கவனிக்க வேண்டியவை

மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், மாதம் ஒருமுறை தொட்டு பாருங்கள். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் சுருங்குதல், காம்பு உள்ளிழுத்தல், ரத்தக்கசிவு இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. அதை டாக்டர் சொல்லட்டும்.

மாவட்ட நிர்வாகமும் ஆலை அதிபர்களும் இந்த தீபாவளி முடிந்ததும் ஊர் ஊராக முகாம் நடத்துவார்களா?