கோணல் மட்டமும் கள்ள எடையும் ஒன்றே

மளிகைக்காரருக்கும் தச்சரின் மூலைமட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. திருச்செங்கோட்டிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் மளிகைக் கடை என்றால் பருப்பும் புளியும் மட்டும் அல்ல. ஆணி, டேப், தச்சுப் பென்சில், உப்புத்தாள், மூலைமட்டம் என்று ஒரு மூலையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த மூலையில் நாம் என்ன விற்கிறோம் என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சேரும் பலமும் போய்க் கிலோ வந்தது. இன்று 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் முத்திரை வைக்கிறோம். துணிக்கடை மீட்டர் கோலுக்கும் முத்திரை உண்டு. ஆனால் மூலைமட்டத்துக்கு முத்திரை வைக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். விற்கிற வியாபாரியின் நாணயம்தான் அதற்கு முத்திரை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் பகுதி இளைஞர்கள் சிலர் சிறு பட்டறை வைத்து மரச் சாமான் செய்கிறார்கள். நூல் போன்ற பிளேடு மேலும் கீழும் ஓடும் சிறிய ரம்ப இயந்திரம் ஒன்று உண்டு. ஸ்க்ரோல் சா என்பார்கள். பலகையில் சிறு துளை போட்டு, பிளேடை அதற்குள் நுழைத்து மாட்டினால், வெளி ஓரத்தை அறுக்காமலே நடுவில் மயில், மாங்காய், கோலம், பெயர் எழுத்து எதையும் வெட்டி எடுக்கலாம். பூஜை அலமாரித் தட்டி, சாவி மாட்டி, குழந்தைகளுக்கு அ, ஆ எழுத்துப் பலகை, அஞ்சறைப் பெட்டி மூடி எல்லாம் இதில் ஆகும். ஒரே மாதிரி ஆயிரம் வேண்டுமென்றால் லேசர் இயந்திரத்தோடு போட்டி போட முடியாது. வாடிக்கையாளர் கேட்டபடி ஒன்றிரண்டு செய்து கொடுக்க இது போதும்.

சென்ற ஆண்டு எங்கள் கடைக்கு அப்படி ஒரு தம்பி 24 அஞ்சறைப் பெட்டிகள் கொண்டுவந்தார். மூடியில் வெட்டியிருந்த மயில் கண்ணைப் பறித்தது. ஆனால் பாதிப் பெட்டிக்கு மேல் மூடி சரியாக உட்காரவில்லை. "வெட்டெல்லாம் சுத்தமாத்தானுங்க வெட்டினேன், எப்படிங்க சேராமப் போகும்?" என்றார். "மட்டத்தைக் கொண்டா தம்பி, பார்ப்போம்" என்றேன். பார்த்தால் கோணல் பெட்டியில் இல்லை, மட்டத்தில் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பார்கள். இங்கே கூடமே கோணல்! மலிவு விலைக்கு ஒரு கடையில் வாங்கிய மட்டம். விற்றவருக்குப் பத்து இருபது ரூபாய் லாபம். வாங்கியவருக்கு ஒரு மாத உழைப்பு நஷ்டம்.

சோதிப்பது கடினம் அல்ல. நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை ஒட்டி வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியில் தொடங்கி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், அந்த விலகலில் பாதி மட்டத்தின் பிழை. சரக்கு வந்தவுடன் கல்லாவில் உட்கார்ந்தபடியே இதைச் செய்யலாம். தேறாததை மொத்த வியாபாரிக்கே திருப்புங்கள். நானும் மொத்த வியாபாரிதான். திருப்பி அனுப்புகிற கடைக்காரருக்குத்தான் அடுத்த முறை நல்ல சரக்கு போகும்.

டேப் விஷயமும் அப்படியே. நுனிக் கொக்கி லேசாக ஆடுகிறது என்று சில வாடிக்கையாளர் திருப்பிக் கொடுப்பார்கள், சிலர் சுத்தியால் அடித்து இறுக்கிவிடுவார்கள். அது பழுது அல்ல. கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆட வேண்டும். வெளியே மாட்டி அளந்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் கணக்கு சரியாக வரத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். விற்கும்போது இந்த ஒரு வார்த்தை சொன்னால் டேப்பும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும்.

இன்னொன்று. பட்டறையில் அடியும் அங்குலமும் இன்னும் போகவில்லை. பிளைவுட்டே எட்டுக்கு நாலு என்றுதான் விற்கிறது. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதை 25 என்று வைத்துக்கொண்டால் 12 அங்குலத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குறைந்துபோகும். பெட்டியை அங்குலத்திலும் மூடியை மில்லிமீட்டரிலும் அளந்தால் எப்படிச் சேரும்? இரண்டு அளவும் தெளிவாக அச்சான இரும்பு ஸ்கேலைப் பார்த்து வாங்கி வையுங்கள். மழுங்கிய பென்சிலின் கோடே அரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். நுண்ணிய வேலைக்குக் கோடு கீறும் கத்தியும், மார்க்கிங் கேஜும் கேட்பார்கள். அவற்றையும் நாலு வாங்கி மாட்டுங்கள். ஸ்க்ரோல் சா பிளேடு அடிக்கடி ஒடியும். நுனியில் குறுக்குக் கம்பி உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. எது பொருந்தும் என்று கேட்டு வைத்துக்கொண்டால், பிளேடுக்காக ஒருவர் ஒரு நாள் வேலையை விட்டு வெளியூர் போக வேண்டியதில்லை. உங்களுக்கும் மாதாமாதம் ஓடுகிற சரக்கு.

நம் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியின் மரச் சிற்பம் ஊருக்கே பெயர் வாங்கித் தந்தது. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச் சிற்பம் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரெல்லாம் கையில் இருக்கும் திறமையால் வந்தது. திறமை நம் பிள்ளைகளிடமும் இருக்கிறது. 2025-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தின் 25 தொழில்களில் மரவேலையும் ஒன்று. கடனும் மானியமும் பெற்றுத் தொழில் தொடங்குகிறவர், அந்தப் பணத்தில் முதலில் வாங்குவது கருவி. அதை நம்மிடம்தான் வாங்குகிறார். அங்கே கோணல் இருந்தால் அரசு கொடுத்ததும் வீண், அவர் உழைத்ததும் வீண்.

ஆகவே வணிகப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. சோதிக்காத மட்டத்தை விற்காதீர்கள். உள்ளூர்ப் பட்டறையில் அளவு பிசகாமல் செய்த அஞ்சறைப் பெட்டி, மனை, மத்து, சாவி மாட்டிக்குக் கடையில் ஒரு தட்டு ஒதுக்குங்கள். அளவு சரியில்லாததைத் தயவு பார்த்து வாங்க வேண்டாம், காரணத்தைச் சொல்லித் திருப்புங்கள். சரியாக இருப்பதற்கு விலையைக் குறைக்காமல், தவணை சொல்லாமல், ரொக்கமாகக் கொடுங்கள். எடை குறைத்து விற்பதைப் பாவம் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கோணல் மட்டத்தைத் தெரிந்தே விற்பதும் அதே கணக்கில்தான் சேரும்.