அப்பா தினமும் வாக்கிங் போறார்… மூளைக்கு அது மட்டும் போதுமா?

“அப்பா தினமும் காலையில வாக்கிங் போறார். அது போதாதா?” வயதான பெற்றோரின் உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால் பல வீடுகளில் வரும் பதில் இது. அம்மாவைப் பற்றிக் கேட்டால், “அவங்களுக்கு வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால், மூளை என்று வரும்போது எல்லாப் பயிற்சியும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

இது சின்ன விஷயமும் இல்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியா எனும் மறதிநோயுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2021 கணிப்பின்படி தமிழக மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம்.

நடை என்ன செய்கிறது?

புதிய நினைவுகளைப் பதிவுசெய்யும் மூளைப் பகுதி ஹிப்போகேம்பஸ். முதுமையில் இது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குகிறது. 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், மறதிநோய் இல்லாத 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தனர். ஒரு குழு வாரம் 3 நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தது. இன்னொரு குழு உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளைச் செய்தது. ஓராண்டு முடிவில் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இது நின்று நின்று அரட்டை அடித்தபடி போகும் நடை அல்ல. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். இரண்டு, நினைவாற்றல் சோதனையில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூளையின் அளவு கூடினாலே ஞாபகசக்தி கூடிவிடும் என்று சொல்லிவிட முடியாது.

எடை தூக்கினால்?

‘வயசான காலத்துல எதுக்கு வெயிட்?’ என்று கேட்பவர்களுக்கு கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த ஆய்வு பதில் சொல்கிறது. 65 முதல் 75 வயது வரையிலான 155 பெண்கள் ஓராண்டு இதில் பங்கேற்றனர். சிலர் வாரம் ஒருமுறை, சிலர் இருமுறை எடைப் பயிற்சி செய்தனர். மற்றவர்களுக்கு சமநிலைப் பயிற்சி மட்டும்.

‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது ஒரு சோதனை. கவனம் சிதறாமல், தேவையில்லாததை ஒதுக்கும் திறனை இது அளக்கும். எடைப் பயிற்சி செய்த இரு குழுவினரும் இதில் 11 முதல் 13 சதவீதம் வரை முன்னேறினர். மற்றவர்களிடம் முன்னேற்றம் இல்லை. சாலையைக் கடக்கும்போதும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு போன் எடுக்கும்போதும் கைகொடுப்பது இந்தத் திறன்தான்.

வீட்டு வேலை உடலை அசைய வைக்கும். ஆனால், தசை வலுப்பெற சுமை படிப்படியாகக் கூட வேண்டும். அது வீட்டு வேலையில் நடப்பதில்லை.

கூடிப் பேசுவதும் மருந்தா?

சீனாவின் ஷாங்காயில் 120 முதியவர்களிடம் 40 வாரம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. அதில் மெதுவான அசைவுகள் கொண்ட தை சி பயிற்சி செய்தவர்களின் மூளை அளவு கூடியது. ஆச்சரியம் என்னவென்றால், வாராவாரம் கூடி உட்கார்ந்து விவாதித்தவர்களுக்கும் கூடியது. நடை மட்டும் போன குழுவில் அந்த மாற்றம் தெரியவில்லை. அடுத்த அசைவை யோசிப்பதும், கூட நாலு பேர் இருப்பதும் மூளைக்கு வேலைதான்.

எல்லை எது?

உடற்பயிற்சி மந்திரம் அல்ல. அமெரிக்காவில் 1,600-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் இரண்டாண்டு நடந்த பெரிய ஆய்வில் சிந்தனைத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே டிமென்ஷியா வந்த 494 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. உடல் தகுதி கூடியது. நோயின் வேகம் குறையவில்லை.

ஆகவே, நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, நன்றாக இருக்கும்போதே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். அதோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, தனிமை ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். இவை உட்பட 14 காரணிகளைச் சரிசெய்தால் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது 2024 லான்செட் ஆணையம்.

என்ன செய்யலாம்?

முதியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி, 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் சமநிலைப் பயிற்சி. இதற்கு ஜிம் அவசியமில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் என்றால் ஒரு கிலோ எடை. சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கலாம். இதய நோய், மூட்டுவலி இருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்பது நல்லது.

அரசுக்கும் பங்கு உண்டு. 2023-ல் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைப்பாதை அமைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது நல்ல விஷயம். அந்தப் பாதைகளில் முதியவர்கள் தசைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்ய ஓர் இடம், சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் ஊழியர்கள் இதை எளிதாகக் கற்றுத்தரலாம்.

அப்பாவுக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கித் தந்தால் காலடிகளை எண்ணும். அம்மா நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரா என்பதை அது சொல்லாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிள்ளைகள்தான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.